மலை வீட்டில் பிளம்ஸ்: ரகம் தேர்விலிருந்து அறுவடை வரை

சமவெளியிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உங்கள் ஊரில் பிளம்ஸ் காய்க்காது. மரம் பிழைக்கும், இலை விடும், மாடித் தொட்டியில்கூடச் சில வருடம் பச்சையாக நிற்கும். பழம் மட்டும் வராது. ‘எந்த ஊருக்கும் ஏற்ற பிளம் கன்று’ என்று படம் போட்டு விற்கிறார்களே, அது பல சமயம் வேறு ஏதோ செடியாக இருக்கும். நிஜமான பிளம்ஸாகவே இருந்தாலும் குளிர்ப் பிரதேசக் கன்றாக இருக்கும். அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல கொய்யாக் கன்று வாங்கினால் இரண்டு மூன்று வருடத்தில் பழம் சாப்பிடலாம்.

நீலகிரி, கொடைக்கானல், அல்லது அந்த உயரத்தை ஒட்டிய மலையூர்களில் வீடும் அதைச் சுற்றிக் கொஞ்சம் மண்ணும் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். இலை தழைத்து, தை மாதம் வெள்ளையாகப் பூத்து, ஒரு கூடை பழம்கூடத் தராத மரங்களை இந்த ஊர்களில் நிறையவே பார்க்கலாம். உரம் போதவில்லை, மருந்து அடிக்கவில்லை என்று காரணம் தேடுவார்கள். பெரும்பாலும் கோளாறு கன்று வாங்கிய அன்றே நடந்திருக்கும். அதனால் இடம், ரகம், துணைமரம் ஆகிய மூன்றையும் விரிவாகச் சொல்கிறேன். மற்றதெல்லாம் அப்புறம்.

படி 1: வீட்டுக் குளிரைக் கணக்கிடுங்கள்

பிளம்ஸ் குளிர்காலத்தில் இலையை உதிர்த்துவிட்டு உறங்கும் மரம். அந்த உறக்கம் முறையாகக் கலைய, ஏறத்தாழ 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இத்தனை மணி நேரம் குளிர் கிடைத்திருக்க வேண்டும் என்று ஒவ்வொரு ரகத்துக்கும் ஒரு தேவை உண்டு. ஐரோப்பிய பிளம்ஸ் பொதுவாக 700 முதல் 1,000 மணி நேரம் வரை கேட்கும். ஜப்பானிய பிளம்ஸில் 150 முதல் 300 மணி நேரத்திலேயே திருப்தி அடையும் ரகங்கள் இருக்கின்றன. நமக்கு வேண்டியவை இவைதான்.

நம் மலைகளின் குளிர் ஒரு தனி மாதிரி. ஊட்டியில் ஜனவரி இரவு உறைபனி விழும், அதே நாள் மதியம் 20 டிகிரி வெயில் அடிக்கும். குளிர் கிடைப்பது பின்னிரவிலும் விடியற்காலையிலும் மட்டுமே. பகல் சூடு கூடினால் இரவில் சேர்ந்த குளிரில் ஒரு பகுதி வீணாகிவிடும். ஹிமாச்சலில் 1,500 மீட்டர் உயரத்தில் காய்க்கிறது என்பதால் ஏற்காட்டிலும் அப்படியே காய்க்கும் என்று எண்ணிவிடக் கூடாது. அவர்கள் இருப்பது 31 டிகிரி வட அட்சரேகை, நாம் இருப்பது 10, 11 டிகிரியில். உயரம் ஒன்றானாலும் குளிர்காலம் ஒன்றல்ல.

தோராயமாக ஒரு வரையறை வைத்துக்கொள்ளலாம். ஊட்டி (2,240 மீட்டர்), கொடைக்கானல் (சுமார் 2,100) நல்ல இடங்கள். குன்னூர் (1,850), கோத்தகிரி (சுமார் 1,800) ஆகியவையும் சரிப்படும், ஆனால் ரகத்தில் கவனம் வேண்டும். 1,500 மீட்டர்தான் எல்லைக்கோடு. ஏற்காடு அந்தக் கோட்டில் நிற்கிறது, மறையூருக்கு மேலே காந்தல்லூரும் அப்படித்தான். காந்தல்லூரில் பிளம்ஸ் காய்க்கிறது என்பது உண்மை. கொல்லிமலை, வால்பாறை உயரத்தில் ஆசைப்பட வேண்டாம்.

ஒரே ஊருக்குள்ளும் குளிர் மாறும். குளிர்ந்த காற்று கனமானது, இரவில் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். ஒரு சாதாரண தெர்மாமீட்டரை, அன்றைய மிகக் குறைந்த வெப்பத்தைக் காட்டும் வகையாகப் பார்த்து வாங்கி, நடப்போகும் இடத்தில் நிழலில் தொங்கவிடுங்கள். டிசம்பர், ஜனவரி முழுக்கக் குறித்து வையுங்கள். ஒரு குளிர்காலம் தாமதமாவது நஷ்டமே இல்லை. பல வருடம் நிற்கப்போகும் மரம் இது.

குளிர் போதாத மரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? பூ ஒரே சமயத்தில் வராது, ஜனவரியில் கொஞ்சம், மார்ச்சில் கொஞ்சம் என்று இழுக்கும். கிளை நுனியில் மட்டும் இலைக்கொத்து இருக்கும், நடுவில் மொட்டையாக நிற்கும். அப்படி ஒரு மரம் ஏற்கெனவே உங்கள் வீட்டில் இருந்தால் உரத்தைக் கொட்டாதீர்கள். அதன் மேல் வேறு ரகத்தை ஒட்டுக் கட்டிக்கொள்வது நல்லது.

படி 2: ரகம்

நம் மலைப்பகுதிக்கான பரிந்துரைகளில் அடிக்கடி வரும் பெயர்கள் ரூபியோ, ஹேல், அபண்டன்ஸ், கவியோட்டா, கெல்சி, ஷிரோ. எல்லாமே ஜப்பானிய வகை. குன்னூரில் இருக்கும் அரசு பழவியல் நிலையத்திலோ, ஊட்டி, கொடைக்கானலில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நடத்தும் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையங்களிலோ கேட்டுப் பாருங்கள். கன்று கையிருப்பு வருடத்துக்கு வருடம் மாறும், ஆனால் எந்த ரகம் எந்த உயரத்தில் பிடித்திருக்கிறது என்று அங்கே வேலை செய்பவர்களுக்குத் தெரியும். அதைவிட நல்ல ஆலோசனை, பக்கத்துத் தெருவில் வருடா வருடம் காய்க்கும் மரத்தின் சொந்தக்காரரிடம் கிடைக்கும். அந்த மரத்திலிருந்து ஒட்டுக்குச்சி கேட்டு வாங்குவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு எது? குழந்தைகள் மரத்தடியிலேயே பறித்துச் சாப்பிட வேண்டும் என்றால் இனிப்பு ரகம் ஒன்று. ஜாமுக்கு என்றால் புளிப்பு தூக்கலான சிவப்பு ரகம் ஒன்று. முன்கூட்டியே பழுக்கும் ரகத்துக்கு இங்கே ஒரு தனி மதிப்பு உண்டு. பழம் முற்றும் சமயத்தில் பெருமழை பிடித்தால் தோல் வெடித்து அழுகும். தென்மேற்குப் பருவமழை நன்றாகப் பெய்யும் ஊட்டி மேற்குப் பக்கத்தில் ஜூன், ஜூலை வரை பழம் நிற்கும் ரகம் ஆபத்து. கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் பெருமழை வடகிழக்குப் பருவத்தில்தான் என்பதால் கெல்சி மாதிரி பிந்திய ரகத்தையும் துணிந்து வைக்கலாம். கெல்சி பழுத்த பிறகும் பச்சையும் மஞ்சளுமாகவே இருக்கும், பறிக்கும் நேரத்தைத் தொட்டுப் பார்த்துத்தான் அறிய வேண்டும்.

வெளியூர்க் கன்றுகளில் சாந்தா ரோசாவுக்கு நல்ல பெயர். கலிபோர்னியாவில் லூதர் பர்பாங்க் உருவாக்கி 1906-ல் வெளியிட்ட ரகம், தோல் கருஞ்சிவப்பு, சதை மஞ்சள், வாசனை அபாரம். 300 மணி நேரத்துக்கு மேல் குளிர் கேட்கும் என்பதால் ஊட்டி மாதிரி உயரத்தில் மட்டும் முயன்று பார்க்கலாம். மெத்லி என்ற சிறிய பழ ரகம் கிடைத்தால் விடாதீர்கள். குறைந்த குளிரே போதும், தனியாகவே காய்க்கும். ஹிமாச்சல், காஷ்மீரிலிருந்து கூரியரில் வரும் மற்ற கன்றுகளில், ரகத்தின் குளிர்த் தேவையை விற்பவர் சொல்ல முடியாவிட்டால் வாங்க வேண்டாம்.

படி 3: துணைமரம்

பூத்தும் காய்க்காத மரங்களில் பெரும்பகுதி இதில்தான் அடிபடுகிறது. ஜப்பானிய பிளம்ஸில் பல ரகங்கள் தன் மகரந்தத்தால் தானே காய் பிடிக்காது. ஒரே ரகத்தில் பத்து மரம் வைத்தாலும் பயன் இல்லை, ஏனென்றால் ஒட்டு மரங்கள் எல்லாம் ஒரே மரத்தின் பிரதிகள். ஒரே சமயத்தில் பூக்கும் இன்னொரு ஜப்பானிய ரகம் கூப்பிடு தூரத்துக்குள் இருக்க வேண்டும். ஐரோப்பிய பிளம்ஸ் இதற்கு உதவாது, இரண்டின் மரபணுத் தொகுப்பும் வேறு வேறு. பீச் மரமும் உதவாது.

இரண்டு மரத்துக்கு இடம் இல்லையா? ஒரே மரத்தில் இன்னொரு ரகத்தின் கிளை ஒன்றை ஒட்டுக் கட்டலாம். அந்தக் கிளையில் சாயத்தால் ஒரு அடையாளம் போட்டு வையுங்கள், இல்லாவிட்டால் கவாத்து செய்ய வரும் ஆள் அதைத்தான் முதலில் வெட்டுவார்! இந்த வருடத்துக்கே வழி வேண்டுமென்றால், வேறு ரக மரத்திலிருந்து பூங்கிளைகளை வெட்டி வந்து, தண்ணீர் வாளியில் போட்டு, உங்கள் மரத்தின் நடுவே கட்டித் தொங்கவிடுங்கள். பூ வாடும்வரை தேனீ மற்ற வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

தேனீ வந்தால்தான், அது வேறு விஷயம். பூக்கும் காலத்தில் மூடுபனி பிடித்து வெயிலே வராவிட்டால் தேனீ கூட்டை விட்டு நகராது. அடுக்குத் தேனீப் பெட்டி ஒன்று தோட்டத்தில் இருந்தால், வெயில் வரும் சில மணி நேரமும் வீணாகாது. பூ இருக்கும்போது எந்தப் பூச்சிமருந்தும் அடிக்கக் கூடாது, வேப்பெண்ணெய் உட்பட.

படி 4: கன்று வாங்கும்போது

ஒரு வயது ஒட்டுக்கன்று போதும். பென்சிலைவிடக் கொஞ்சம் தடிமனாக, மூன்று நான்கு அடி உயரத்தில் இருந்தால் சரி. பையில் ஏற்கெனவே பூத்துக் காய்த்திருக்கும் பெரிய கன்றைப் பார்த்து மயங்காதீர்கள், அதன் வேர் பைக்குள் சுருண்டு கிடக்கும். ஒட்டுப் போட்ட இடம் நன்றாகக் கூடியிருக்கிறதா, அங்கே பிசின் வடிகிறதா என்று பாருங்கள். விதையிலிருந்து வந்த கன்று வேண்டாம். என்ன பழம் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது, வரவும் வருடக்கணக்கில் ஆகும்.

வேர்ச்செடி எது என்று கேளுங்கள். நம் பக்கம் பெரும்பாலும் பீச் நாற்றின் மேல்தான் பிளம்ஸை ஒட்டுகிறார்கள். வடிகால் நல்ல சரிவு நிலத்துக்கு அது பொருத்தம். ஆனால் பீச் வேருக்குத் தண்ணீர் தேங்குவது ஆகவே ஆகாது. உங்கள் இடம் களிமண் பள்ளமாக இருந்தால் மேடு எழுப்பித்தான் நட வேண்டும்.

படி 5: குழியும் நடவும்

சரிவின் நடுப்பகுதி சிறந்தது. பள்ளத்தில் உறைபனி பூவைக் கருக்கும், உச்சியில் காற்று பூவை உதிர்க்கும். யூக்கலிப்டஸ், சில்வர் ஓக் மரங்களிலிருந்து தள்ளி வையுங்கள், நிழலும் வேரும் இரண்டுமே தொல்லை. தினம் ஆறு மணி நேர வெயில் வேண்டும். பழைய பீச் அல்லது பிளம்ஸ் மரம் பட்டுப்போன அதே குழியில் புதுக் கன்றை வைக்காதீர்கள்.

இரண்டடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி ஆழம். மரத்துக்கு மரம் 4 மீட்டர். மேல்மண்ணைத் தனியாக எடுத்து வைத்து, நன்றாக மட்கிய தொழுவுரம் 10 கிலோவோடு கலந்து, மழைக்கு முன்பே குழியை நிரப்பிவிட்டால் மண் அமர்ந்துவிடும். நீலகிரி மண் பொதுவாகப் புளிப்பு மிகுந்தது. பிளம்ஸுக்குக் கார அமில நிலை 5.5 முதல் 6.5 வரை இருந்தால் நல்லது. மண் பரிசோதனை செய்து அதற்கேற்ப டோலமைட்டோ விவசாயச் சுண்ணாம்போ சேர்க்க வேண்டும். பரிசோதிக்காமல் கைக்கு வந்தபடி சுண்ணாம்பு போடுவது எனக்கு உடன்பாடில்லை.

ஜூன் முதல் டிசம்பர் வரை எப்போது வேண்டுமானாலும் நடலாம், விடாத பெருமழை நாட்களைத் தவிர. ஒட்டுப்பகுதி மண்ணுக்கு மேலே அரை அடியாவது தெரிய வேண்டும். அது புதைந்தால் அழுகல் வரும். காற்றடிக்கும் பக்கம் ஒரு முட்டு நட்டு, தளர்வாகக் கட்டுங்கள். சரிவில் மேற்பக்கம் பிறை வடிவில் சின்ன வாய்க்கால் வெட்டிவிட்டால் மழைத்தண்ணீர் அடிமரத்தில் மோதாமல் விலகிப் போகும்.

நட்ட உடனே இரண்டரை அடி உயரத்தில் தலையைக் கிள்ளிவிட வேண்டும். மனசு வராது, ஆனால் செய்யத்தான் வேண்டும். வெட்டுக்குக் கீழே வரும் கிளைகள்தான் மரத்தின் எலும்புக்கூடு.

படி 6: கவாத்து

பிளம்ஸை நடுவில் திறந்த கிண்ண வடிவத்தில் வளர்ப்பது இங்கே மிகவும் பொருந்தும். பனிமூட்டம் அதிகமான ஊரில் நடுக்கிளை அடர்ந்தால் ஈரம் காயாது, நோய் போகாது. முதல் வருடம், சுற்றிலும் இடைவெளி விட்டு வளர்ந்த நான்கு கிளைகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடுங்கள். அடிமரத்தோடு ஒட்டிக் குறுகலாக மேலே போகும் கிளை பிற்காலத்தில் காய்ப் பாரத்தில் பிளந்துவிடும். ஏறக்குறைய 45 முதல் 60 டிகிரி சாய்வுள்ளதே நிற்கும். இளங்கிளையாக இருக்கும்போதே கல்லைக் கட்டியோ கயிற்றால் இழுத்தோ சாய்த்துக்கொள்ளலாம். இரண்டாம், மூன்றாம் வருடங்களில் அந்த நான்கு கிளைகளையும் மூன்றில் ஒரு பங்கு குறைத்து, ஒவ்வொன்றிலும் வெளிப்புறம் நோக்கிய இரண்டு பிரிவுகள் வரவிடுங்கள்.

காய்க்கத் தொடங்கிய மரத்துக்குக் கவாத்து டிசம்பர், ஜனவரியில், மொட்டு வீங்குவதற்கு முன். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிளம்ஸ் போன வருடத்துக் கிளையிலும், விரல் நீளக் குட்டைக் குச்சிகளிலும் காய்க்கும். அந்தக் குட்டைக் குச்சிகள் பல வருடம் தொடர்ந்து காய் தரும். பார்க்க முள் மாதிரி இருப்பதால் கூலி ஆள் வைத்துச் சுத்தம் செய்யும் வீடுகளில் முதலில் போவது அவைதான். ஆளோடு பக்கத்தில் நில்லுங்கள். எடுக்க வேண்டியது காய்ந்தது, ஒன்றோடொன்று உரசுவது, உள்நோக்கி வளர்வது, நேராக மேலே பாயும் போத்து. ஒட்டுக்குக் கீழிருந்து வரும் துளிர் பீச்சின் துளிர், அதை எப்போது கண்டாலும் கிள்ளிவிடுங்கள்.

மழை இல்லாத நாளாகப் பார்த்து வெட்டுங்கள். பெரிய வெட்டுக்காயங்களில் போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்த்துக் குழைத்தது) தடவ வேண்டும். கிளைகளில் படர்ந்திருக்கும் பாசியும் மரப்பாசமும் மரத்தைக் கொல்லாது. ஆனால் மிக அதிகமாகப் படர்ந்திருந்தால் காற்றோட்டம் குறைவு, மரம் துடிப்பாக இல்லை என்று அர்த்தம். சாக்குத் துணியால் தேய்த்து எடுக்கலாம்.

கார்த்திகை முடிந்தும் இலை உதிராமல் அடம்பிடிக்கும் மரத்தில், மீதி இலைகளைக் கையால் உருவிவிட்டால் பூ ஓரளவு ஒன்றாக வரும். 1,800 மீட்டருக்குக் கீழே உள்ளவர்கள் இதை அவசியம் செய்து பார்க்கலாம்.

படி 7: தண்ணீர், உரம், காய் கலைத்தல்

முதல் இரண்டு கோடையில் வாரத்துக்கு இரண்டு குடம் தண்ணீர் வேண்டும். பிறகு ஜனவரி முதல் மழை வரும்வரை, குறிப்பாகக் காய் பருக்கும் மார்ச், ஏப்ரலில் கவனித்தால் போதும். வேரைச் சுற்றிக் காய்ந்த இலைச் சருகு போட்டு வையுங்கள், அடிமரத்தைத் தொடாமல். வளர்ந்த மரத்துக்கு வருடம் 20 கிலோ தொழுவுரம், கவாத்துக்குப் பிறகு. யூரியாவை அள்ளிப் போட்டால் போத்துதான் வரும், அசுவினியும் கூடவே வரும்.

காய் கலைத்தல் நம் ஊரில் யாரும் செய்வதில்லை, செய்ய வேண்டிய வேலை. பிஞ்சு கோலிக்குண்டு அளவு வந்ததும், விரற்கடை நான்கைந்துக்கு ஒரு காய் இருக்கும்படி மற்றதைக் கிள்ளுங்கள். பழம் பெரிதாகும், இனிப்பு கூடும், கிளை முறியாது, அடுத்த வருடமும் காய்ப்பு நிற்கும். ஒரு வருடம் கொட்டிக் காய்த்து மறு வருடம் சும்மா நிற்கும் மரம் பெரும்பாலும் கலைக்காமல் விட்ட மரம்தான்.

படி 8: பூச்சி, நோய், குரங்கு

இலை இல்லாத காலத்தில், கவாத்து முடிந்த கையோடு, ஒரு சதவீத போர்டோ கலவை ஒரு முறை அடித்தால் பாதிப் பிரச்சினை குறையும். மயில்துத்தம் 100 கிராமை 5 லிட்டர் நீரில் கரையுங்கள். சுண்ணாம்பு 100 கிராமை இன்னொரு 5 லிட்டரில் கரையுங்கள். பிளாஸ்டிக் வாளிதான், இரும்பு கூடாது. துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்றிக் கலக்க வேண்டும். பளபளப்பான இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் முக்கிப் பாருங்கள், செம்புப் படிவு தெரிந்தால் சுண்ணாம்பு இன்னும் கொஞ்சம் சேர்க்க வேண்டும். அன்றே அடித்து முடித்துவிடுங்கள். இலை வந்த பிறகு இதை அடிக்காதீர்கள், பிளம்ஸ் இலை செம்பைத் தாங்காது, கருகிக் கொட்டும்.

இளந்துளிரில் இலை சுருண்டால் உள்ளே அசுவினி. பூ முடிந்த பிறகு, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து இலையின் அடிப்பக்கம் நனையும்படி தெளியுங்கள். மழைக்காலத்தில் இலையின் அடியில் துருப்பொடி படிந்து இலை முன்னதாகவே கொட்டும். கொட்டிய இலையைக் கூட்டி அப்புறப்படுத்துவதுதான் முதல் மருந்து. அடிமரத்தில் பிசின் வடிந்தால் தண்ணீர் தேங்குகிறதா, துளைப்பான் புகுந்திருக்கிறதா என்று இரண்டையும் பாருங்கள்.

பழ ஈதான் பெரிய எதிரி. பழம் நிறம் மாறும் முன்பே மெத்தில் யூஜினால் பொறி தொங்கவிட வேண்டும். அது ஆண் ஈக்களை மட்டுமே பிடிக்கும் என்பதால் அதை மட்டும் நம்பி இருக்க முடியாது. விழுந்த பழத்தைத் தினமும் பொறுக்கி, இரண்டடி ஆழத்தில் புதைக்க வேண்டும். குப்பைக் குழியில் வீசினால் ஈயை நீங்களே வளர்க்கிறீர்கள்.

குரங்குக்கு வலையைத் தவிர வேறு வழி நான் பார்க்கவில்லை. மரத்தை எட்டு அடிக்கு மேல் போகவிடாமல் வைத்திருந்தால்தான் வலை போடவும் முடியும். காட்டெருமை இளங்கன்றை உரசி முறிக்கும், முதல் மூன்று வருடம் நல்ல வேலி அவசியம். கரடி நடமாடும் பகுதியாக இருந்தால், பழுத்த பழத்தை மரத்திலும் தரையிலும் இரவு தங்கவிடாதீர்கள், மாலையிலேயே பறித்துவிடுங்கள். வீட்டு வாசலுக்கு அருகில் மரம் வைப்பதும் இந்த இடங்களில் நல்லதல்ல.

படி 9: அறுவடை

நட்ட மூன்று நான்கு வருடத்தில் காய்ப்பு தொடங்கும், ஆறேழு வருடத்தில் நிலைக்கும். வளர்ந்த மரம் 20 முதல் 25 கிலோ தந்தால் திருப்தியான விளைச்சல். ரகத்தையும் உயரத்தையும் பொறுத்து ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூலை வரை பழுக்கும்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் பறிக்காதீர்கள். நிறம் முழுதாக வந்து, நுனிப்பக்கம் விரலால் அழுத்தினால் லேசாகக் கொடுக்கும் பழத்தை, காம்போடு, மேலிருக்கும் வெண்பூச்சு கலையாமல் எடுங்கள். ஒன்று விட்டு ஒரு நாள் இப்படிப் பார்க்க வேண்டும். வெளியூர் சொந்தங்களுக்கு அனுப்புவதென்றால் நிறம் வந்து இன்னும் கெட்டியாக இருக்கும்போதே பறிக்கலாம், இரண்டு மூன்று நாளில் பழுத்துவிடும். பச்சையில் பறித்தால் மென்மையாகும், இனிப்பு ஏறாது. புளிப்புப் பழம் மிஞ்சினால் ஜாம் போடுங்கள், தோலோடு வேகவைத்தால் நிறமும் கெட்டியாகும் தன்மையும் அதிலிருந்தே வரும்.

அறுவடை முடிந்ததும் நேராகப் பாய்ந்திருக்கும் போத்துகளை வெட்டிவிடுங்கள், முறிந்த கிளைகளை எடுத்துவிடுங்கள், வலையைக் கழற்றிக் காயவைத்து மடித்து வையுங்கள். அடுத்த வருடப் பூமொட்டு இந்த மாதங்களில்தான் உள்ளே உருவாகிறது. ஆகவே பழம் முடிந்துவிட்டதே என்று மரத்தைக் காயவிடக் கூடாது, மழை தவறினால் ஆகஸ்ட், செப்டம்பரிலும் தண்ணீர் கொடுக்க வேண்டும்.